இடது பின்புறம்

வோரு ஊருக்கு வெளியே, மைனஸ் பதினெட்டு.
ஷெட்டின் ஹீட்டர் முழங்காலை மட்டும் சூடாக்கும்.
விரல்கள் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போதே கடைக்காரர் ரைவோ சொன்னார்:
"அடைத்து வருவதை எடு, பாதி விலை.
செத்தால் தூக்கிப் போடு, வேலை முடிந்தது."
நான் கழற்றிப் பூட்டுவதைத்தான் கேட்டேன்.
பழைய வோல்வோவுக்கு நான்கு ஷாக் அப்சார்பர்.
ஒரு குளிர்காலத்து விறகுக் காசு.
கேட்டால் பதில் சொல்கிற பொருள்தான்
எனக்கு ஒத்துவரும்.

முதலில் நைட்ரஜனை விட வேண்டும்,
முழுக்க, சீறல் அடங்கும்வரை.
அவசரப்பட்டு மூடியைத் திருகிய ஒருவன்
தார்த்துவில் இருக்கிறான், ஒற்றைக் கண்ணோடு.
பிறகு எண்ணெய். மூன்றில் தேன் நிறம்.
இடது பின்புறத்தில் மட்டும்
டிகாஷன்.

பிஸ்டனைத் துணிமேல் வைத்து
ஷிம்களை ஒவ்வொன்றாக உரித்தேன்,
மீன் செதிலைவிட மெல்லிய எஃகு வட்டங்கள்,
கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து.
மைக்ரோமீட்டர் சொன்னது: பூஜ்யம் புள்ளி ஒன்று.
துடைத்து மறுபடி.
பூஜ்யம் புள்ளி ஒன்று.

நோட்டுப் புத்தகத்தில் இருப்பது பூஜ்யம் புள்ளி இரண்டு,
மூன்று தகடுகள், மேலெழும் பக்கம்.
கீழே தேதி. இரண்டு குளிர்காலத்துக்கு முந்தையது.
கையெழுத்து என்னுடையது.
மூடியில் நான் பூசிய சிவப்பு நெயில் பாலிஷ்கூட
அப்படியே இருந்தது,
வேறு யாரும் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக.

தமுலா ஏரிக்கு அப்பால்
அந்த மேடு தாண்டி வரும் வலது வளைவில்
வண்டியின் பின்பக்கம் குதிரைபோல் எகிறும்.
பக்கத்து இருக்கையில் குறிப்பு வாசித்தவள் நான்.
"ஐவார், நீ வலதில் பயப்படுகிறாய்" என்றேன்.
ஒருமுறை அல்ல. மெக்கானிக்குகள் முன்னால்,
அவன் மாமனார் முன்னால்,
சூப் கிண்ணம் ஏந்தி நின்ற எல்லோர் முன்னாலும்.
அவனும் நம்பிவிட்டான்.
இப்போது பால் டேங்கர் ஓட்டுகிறான்,
வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு.

தொலைபேசியில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.
எஞ்சின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
பிறகு: "எண்ணெய் கறுத்திருந்ததா?"
"ஆமாம்."
"வாசனை?"
"கருகல்."
"பாவம்" என்றான், "அதுவும் முடிந்தவரை
தாங்கித்தான் பார்த்திருக்கிறது."

மன்னிப்பு என்ற சொல் என் வாயில் இருந்தது.
அதற்குள் சிக்னல் போய்விட்டது,
அல்லது அவன் வைத்துவிட்டான்.

புது சீல், கிரீஸ் தடவி, நுனி மடங்காமல்.
தண்டை நகத்தால் நீவினேன், கீறல் இல்லை.
சரியான தகடுகள்; இரண்டு முறை அளந்து,
மூன்றாம் முறை உரக்கப் படித்து.
காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை
மெதுவாக, மிக மெதுவாகப் பிஸ்டனை அசைத்தேன்.

மூடியில் பூச நெயில் பாலிஷ் எடுத்தபோது
குறுஞ்செய்தி வந்தது:
"ரீபவுண்ட் எத்தனை கிளிக்?"

பதினொன்று என்று அடித்தேன்.
அழித்தேன்.
'நீ வந்து வை' என்று அடித்து
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்,
கை எண்ணெயாக இருக்கிறது.