முப்பதுக்கு முப்பது

எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து
பதினாறு நாளுக்கொரு தரம்
எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது செயற்கைக்கோள்,
வாடகைக்கு விட்டவர் வாசலோடு போவதுபோல.
முப்பதுக்கு முப்பது மீட்டர் ஒரு சதுரம்.
அதற்குத் தெரிந்தது மூன்றே சொல்:
பச்சை. காய்ந்தது. வெறுந்தரை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், ஏசி முனகும் அறையில்
ஏழு கோடிச் சதுரங்கள் என் பொறுப்பு.
ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை என்பதை
ரோவீனாதான் கண்டுபிடித்தாள்.
"ஷூ புதுசா இருக்கே" என்றாள், வண்டியைக் கிளப்பியபடி.

டாட் ஆறு மணலாய்க் கிடந்தது.
வெள்ளம் அளக்கும் கோல் மட்டும்
இரண்டு மீட்டர்வரை நம்பிக்கையோடு நின்றது.

மேற்கே ஐம்பது கிலோமீட்டர்.
நூறு மீட்டர் நாடாவை மூன்று திசைக்கு இழுத்து
மீட்டருக்கு மீட்டர் குனிந்து
லேசர்ப் புள்ளி எதன்மேல் விழுகிறதோ அதன் பேரை
அவள் சொல்ல, நான் எழுதினேன்.
சருகு. கல். சருகு. எறும்புப் புற்று.
மண். மண். கங்காருப் புழுக்கை.
மண் –

"இரு."
தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள்.
கறுத்து, பொருக்கு வெடித்துக் கிடந்த தரை
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பச்சையாயிற்று.
அரை மில்லிமீட்டர் கனத்தில் ஓர் ஊர் விழித்தது.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருபத்திரண்டு வருடமாய் அதை
வெறுந்தரை என்றே எழுதி வந்திருக்கிறோம்.

அடுத்த சதுரம் திரையில் எனக்குப் பிடித்தமானது.
மழை பெய்த பத்தாம் நாளே பளிச்சென்று பச்சை;
'மீட்சி' என்று கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன்.
போய் நின்றால், இடுப்பளவுக்கு
ஒரே புல்.
கதிரை உருவியதும் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது:
கொழுக்கட்டைப் புல்.
காங்கேயத்துக் கொறங்காட்டில் மாடு மேயும் அதே புல்.

ஒட்டகச் சேணத்தின் திணிப்பில் வந்து இறங்கியதாம்.
பிறகு, புழுதி அடங்கட்டும் என்று
அரசாங்கமே விதைத்ததாம்.
இப்போது தீ இதன்வழியே ஓடி
மரங்களை அடியிலிருந்து தின்கிறது.
பல்லிகளுக்கு ஓடத் தரை இல்லை.
ரயிலில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல
நானும் புல்லும் வேறெங்கோ பார்த்தோம்.

"உனக்கு இதைத் தெரியுமா?"
தெரியும் என்றேன். பேரைச் சொன்னேன்.
கொழுக்கட்டை என்றால் என்னவென்றும்
சொல்ல வேண்டியதாயிற்று: தேங்காய், வெல்லம், ஆவி.
"தின்கிற பண்டத்தின் பேரையா வைத்தீர்கள் இதற்கு?"
சிரித்துவிட்டு, மண்வெட்டியை நீட்டினாள்.
"உன் ஊர்க்காரன். நீயே பிடுங்கு."

ஒரு மணி நேரத்தில்
நாலுக்கு நாலு மீட்டர்.
மேலே இருப்பதன் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை.
வியாழன் காலை பத்து மணிக்கு வரும்,
பச்சை என்று சொல்லிவிட்டுப் போகும்.

இரவு, கோப்பிலிருந்து 'மீட்சி'யை அழித்தேன்.
வேறு பேர் தோன்றவில்லை; எண்ணை மட்டும் விட்டேன்.
பிறகு விளக்கடியில் உட்கார்ந்து
காலுறையில் ஒட்டி வந்த விதைகளை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்து
காபி டப்பாவில் போட்டு
மூடியை இறுக்கினேன்.
ஜன்னலுக்கு வெளியே உதறுவது சுலபம்.
அது எங்கும் முளைக்கும்.