மூன்று மீட்டருக்குக் குறைவான தெரு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
டேங்கர் வேகன்கள் நாற்பத்தேழு எண்ணிவிட்டேன்,
இன்னும் வால் தெரியவில்லை.
சிலிண்டர் வண்டியை ஒரு காலில் ஊன்றிக்கொண்டு
எபினேசர் கேட்கிறான்:
"கட்சியா இன்னாதான் படிச்ச நீ?"

பிளஸ் டூவில் கணக்கு, என்கிறேன்.
அப்புறம் சிவில், நாலு வருஷம்.
ஆர்க்கிடெக்சர் படித்தவர்களும் வரலாம்,
புவியியலும் ஆகும்,
எனக்கு சிவிலில்தான் சீட்டு கிடைத்தது.
அப்புறம் பீச்சில் ரயில் மாறி மாறி
கிண்டிக்கு இரண்டு வருஷம்.
நகரத் திட்டமிடல், முதுநிலை.

"ஊடு கட்ற பிளானா?"
"ஊருக்கு."
"அப்ப இந்தக் கேட்டுக்கு ஒரு பாலம் போடு, போதும்."

அங்கே முதல் வாரம் வண்ணங்கள்தான்.
மஞ்சள் குடியிருப்பு. நீலம் கடை.
பச்சை பூங்கா. ஊதா தொழிற்சாலை.
வடசென்னைத் தாளை விரித்தார்கள்,
மேசையின் பாதி ஊதாவானது,
எண்ணூர்க் கழிமுகம்வரை.
என் வீட்டைத் தேடிப் போன பென்சில்
தாளின் அடியில், பொடி எழுத்தில் முட்டி நின்றது:
மூன்று மீட்டருக்குக் குறைவான தெருக்கள்
காட்டப்படவில்லை.

அன்று ராத்திரியே டேப் பிடித்தேன்.
மறுமுனை ஸ்டெல்லா அக்கா கையில்,
அவள் இன்னொரு கையில் குழம்புக் கரண்டி.
இரண்டு மீட்டர் நாற்பது.
சவப்பெட்டியைச் சாய்த்துத் திருப்பும் மூலையில்
ஒன்று தொண்ணூறு.

இப்போது நுங்கம்பாக்கத்தில் வேலை.
கன்சல்டன்சி, ஒப்பந்தம்,
பதினோரு மாதம், மறுபடி பதினோரு மாதம்.
ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனபிறகு,
ஊதாவுக்குள் ஒரு கோடு இழுத்தேன்.
முடியளவு.

பரிதி சார் அதை அழித்தார்.
கோபப்படவில்லை.
"ஸ்கேல் தாங்காதும்மா."
உண்மைதான் அது.
அதனால்தான் பதில் வரவில்லை எனக்கு.

வரைபவர் வேறு, கையெழுத்துப் போடுபவர் வேறு.
அதற்குத் தேர்வாணையப் பரீட்சை.
உதவி இயக்குநர்.
பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், காலியிடம் இருந்தால், துணை.
அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்
ஸ்கேலை மாற்றச் சொல்லலாமாம்.
சொன்னவர் யாரையும்
பரிதி சார் பார்த்ததில்லை.

நேற்று போனில் விண்ணப்பம் நிரப்பினேன்.
கதவு எண் கேட்டது.
எங்கள் கதவுக்கு மூன்று:
பழையது, புதியது,
மின்வாரிய ஆள் சாக்பீஸில் கிறுக்கியது.
சாக்பீஸைக் கொடுத்தேன்.
தபால்காரருக்கு அதுதான் தெரியும்.

கடைசி வேகன் போய்விட்டது.
கேட் பாதி எழும்பி நின்று யோசிக்கிறது.
குனிந்தே நுழைகின்றன ஸ்கூட்டர்கள்.
எபினேசர் பெடலில் ஏறி நிற்கிறான்,
சிலிண்டர்கள் முட்டிக்கொள்கின்றன.

"அப்ப பாலம்?"

"நவம்பர்ல பரீட்ச."