மஞ்சள் பட்டை

இரவு பதினொன்றே கால். வாசல் மேசை.
இழுப்பறையில் சிவப்பு, மஞ்சள், பச்சை.
விரலில் மாட்டும் கருவிக்கு ஸ்பிரிங் தளர்ந்து
ரப்பர் பேண்டு சுற்றியிருக்கிறேன்.
108 வண்டியின் கதவு திறந்ததும்
எனக்கு ஒன்றரை நிமிடம்.

ஆடியில், எத்திராஜுக்குப் பச்சை கட்டினேன்.
வியாசர்பாடி. மீன்பாடி வண்டி ஓட்டுபவர்.
"கேஸ்தான் சிஸ்டர், ஓமவாட்டர் குடிச்சா அடங்கிடும்"
என்று எனக்கு அவர்தான் ஆறுதல் சொன்னார்.
டோக்கன் நாற்பத்தியொன்றைக் கூப்பிட்டபோது
சுவரில் சாய்ந்திருந்தவர் எழவில்லை.

கையேட்டில் கணக்கு இருக்கிறது:
நூறில் ஐந்து பேர்வரை தவறவிடலாம்,
முப்பத்தைந்து வரை வீணாகப் பதறலாம்.
அந்த ஐந்தில் ஒருவர்
மிச்சப் பாதி பீடியைக் காதில் செருகியிருந்தார்.

பிறகு என் கை தானாகவே சிவப்புக்குப் போனது.
நெஞ்சைத் தொட்டுப் பேசினாலே சிவப்பு.
காதலி போனை எடுக்காமல் விரல் மரத்துப்போன பையனுக்கு,
பரோட்டா தின்று ஏப்பம் அடைத்தவருக்கு.
டாக்டர் நப்பின்னை ஒன்றும் சொல்லவில்லை,
பட்டையைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

நேற்று மழை.
ஆறு சிவப்புக் கட்டிலிலும்
என் பயம் படுத்திருந்தது.
ஏழாவதாக வந்தாள் செங்கேணி.
மூலக்கொத்தளம் வளைவு, தண்ணீர் லாரி.
பேர் சொன்னாள், ஒற்றைச் செருப்பைத் தேடினாள்.
வயிறு மட்டும் பலகையாய்.

ஒரு கட்டில் காலியாகப் பதினோரு நிமிடம்.
ஒயர்களைப் பிடுங்கும்போது பரோட்டாக்காரர் கேட்டார்,
"தேறிட்டேனாம்மா?"

தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.
அதற்குள் என் ஷிப்ட் முடிந்தது.
மாடிக்குப் போய்க் கேட்கவில்லை,
லிப்ட் வேலை செய்யவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
ரெஜிஸ்டரில் இரண்டு பேருக்கும் எதிரே
ஒரே கையெழுத்து.

இன்று, அரை மணிக்கொருமுறை எழுந்து
பச்சைப் பட்டைகளின் பெஞ்சுகளைச் சுற்றுகிறேன்.
தூங்குபவர்களைத் தட்டி எழுப்புகிறேன்.
"உனக்கு வேற வேல இல்லியா?" என்கிறது ஒரு போர்வை.
இல்லை. திட்டு. இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டு.

கடைசி பெஞ்சில், சுவரோரம்,
வேர்த்த நெற்றியோடு ஒருவர்
"ஓமவாட்டர் இருக்குமா, சிஸ்டர்?"

சிவப்புக்கு நீண்ட கையை இழுத்து
நாடியில் வைக்கிறேன். எண்ணுகிறேன்.
மஞ்சளைக் கட்டிவிட்டு
ஈசிஜி வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறேன்,
ஒரு சக்கரம் கிறீச்சிட,
எல்லோரும் விழித்துக்கொள்ள.