இருபத்து மூன்று கல்

உகந்தையில் காட்டுக் கதவு திறந்த காலை
ஆமிக்காரன் தலை எண்ணினான்.
தம்பிலுவிலில் இருந்து வந்த எங்கள் கூட்டத்தில்
நாற்பத்தொரு பேர்,
அதில் ஒன்பது பேர் என் இடுப்புக்குக் கீழே.
இடுப்பிலேயே இருந்த கேசிகனை எண்ணுவதா என்று
பேனையைக் காதில் செருகி யோசித்தான்.
பிறகு அவன் கையில் ஒரு டொபியை வைத்து
கொப்பியில் ஒரு கோடு கீறினான்.

நாகமணியண்ணன் பிள்ளைகளை நிறுத்தி
மூன்று சட்டம் சொன்னார்.
முன்னுக்குப் போறவரைத் தாண்டக் கூடாது.
மூத்திரம் வந்தால் கையைத் தூக்க வேணும்.
காட்டுக்குள்ள யானையை யானை எண்டு சொல்லப்படாது,
பெரியவர் எண்டுதான் சொல்ல வேணும்.
“பெரியவருக்கு மூத்திரம் வந்தா?” என்று கேட்டாள்
மூத்தவள் யதுமிகா, வயது ஆறு.
சட்டம் அத்தோடு முடிந்தது.

பாலை மர நிழல் இருக்கும் வரை நடந்தார்கள்.
பிறகு மணல்.
செருப்புக்குள் புகத் தெரிந்து
வெளியே வரத் தெரியாத ஆடி மாத மணல்.
இடது பக்கம் கடலின் சத்தம் கூடவே வந்தது,
கடல் வரவில்லை.

“இன்னும் எவ்வளவு தூரம் அம்மா?”
“இந்தா, வந்திட்டம்.”
சூரைப் பற்றை வளைவில், “இந்தா, வந்திட்டம்.”
வற்றிய குளத்தின் சேற்றில்
மான் குளம்புகள் காய்ந்து கிடந்த இடத்தில்,
“அந்தா ஒரு மரம் தெரியுது பார், அதுக்கு அங்கால.”
மரத்துக்கு அங்கால இன்னொரு மரம் இருந்தது.
காட்டில் அதற்கென்ன குறை.

தங்கரூபியின் பெடியன் பாதையில் குந்தி விட்டான்.
குளுக்கோஸ் தூளை உள்ளங்கையில் கொட்டி
நக்கக் கொடுத்தோம். நக்கினான். எழும்பவில்லை.
ஆறு பேர் மாறி மாறிச் சுமந்தோம்.
கேசிகன் என் தோளில் நித்திரை.
நித்திரையான பிள்ளை முழித்த பிள்ளையை விடப் பாரம்,
எந்தத் தராசும் இதை ஒத்துக்கொள்ளாது.
முதுகுப் பையும் கூடிக்கொண்டே போனது.
தண்ணீர் குறைந்தது, பிஸ்கட் குறைந்தது,
பை மட்டும் கூடியது.
முழங்கால் என்று நினைத்தேன்,
முப்பத்துநாலு வயது என்று நினைத்தேன்,
கட்டாரில் இருந்து
“பிள்ளைகள் கவனம்” என்று குரல் மட்டும் அனுப்புகிறவரை
கொஞ்சம் கூடுதலாகவே நினைத்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் குமுக்கன் ஆறு.
பிள்ளைகள் உடுப்போடு விழுந்தார்கள்.
ஒரு அடியும் ஏலாது என்று அழுத ஒன்பதும்
இருட்டும்வரை கரையில் ஓடின.

கேசிகனின் கால்சட்டை தேடிப் பையைக் கவிழ்த்தேன்.
கல்.
பட்டாணி அளவில் இருந்து மாங்காய் அளவு வரை
இருபத்து மூன்று கல்.

“என்ன புள்ள இது?”
தலை துவட்டாமல் நின்று சொன்னாள்:
“நீங்க வந்திட்டம் எண்டு சொன்ன ஒவ்வொரு தரமும்
ஒண்டு எடுத்தன்.
வரல்லதானே.”
கோபமில்லை. கடையில் மிச்சக் காசை
எண்ணித் தருகிற குரல்.
“இந்தப் பெரிசு?”
“மரத்துக்கு அங்கால.”

தங்கரூபி சிரித்துச் சிரித்து இருமினாள்.
ஆற்றில் எறியப் போனேன், விடவில்லை.
ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள்,
கனமானதை அடியில் வைத்து.

கஞ்சி குடித்து, தறப்பாள் விரித்து,
பிள்ளைகளை நடுவில் கிடத்தி
நாங்கள் விளிம்பில் படுத்தோம்.
சாமத்தில் அக்கரையில் ஒரு கொப்பு முறிந்தது.
பிறகு தண்ணீர், அவசரமில்லாமல்,
எதற்கோ வழிவிடும் சத்தம்.
நாகமணியண்ணன் டோர்ச்சை அணைத்தார்,
மூச்சுக்குள் “அரோகரா” என்றார்.

“அம்மா, என்ன அது?”
“ஒண்டுமில்ல மகள். காத்து.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
தறப்பாளுக்கு வெளியே ஒரு சின்னக் கை
மண்ணைத் தடவித் தேடுவது கேட்டது.
பிறகு என் தலைமாட்டில்
பையின் சிப் திறந்தது.