மூன்று சுழி

ஆணை என்று அடிக்க வேண்டிய இடத்தில்
ஆனை என்று அடித்துவிட்டேன்,
முதல் பக்கத்திலேயே ஏழு முறை.
மேஜர் பச்சியண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டி
வாய்விட்டுப் படித்தார்:
"மாஜிஸ்திரேட்டின் எழுத்துப்பூர்வமான ஆனை இல்லாமல்
படை தெருவில் இறங்கலாகாது."
பிறகு சிரித்தார்.
அடுத்த எட்டு மாதத்தில்
அப்படி இன்னொரு தடவை சிரித்து நான் பார்க்கவில்லை.
ஒரு சுழி வித்தியாசம்.
ஷிஃப்ட் அழுத்தும் விரல் கொஞ்சம் சோம்பினால் போதும்.

ஏற்காட்டில் முதல் பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
நாலு ரோட்டில் என் கடைக்கு வருவார்.
நாகலூர்ப் பக்கம் வாடகை வீடு,
வாசலுக்கு எதிரே காபி உலர்த்தும் களம்.
தாளிலெல்லாம் அந்தப் புளித்த பழ வாசனை.
அறுபத்தொரு வயசில் முனைவர் பட்டமா என்று
ஜெராக்ஸ் கடைத் தீர்த்தகிரி கேட்டதற்கு,
"இருபத்தாறு வருஷம் சொன்னதைச் செய்தேன்.
யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று
இப்போதுதான் கேட்கிறேன்" என்றார்.

காசை எண்ணிக் கொடுப்பார்.
ரசீதில் என் கையெழுத்து வேண்டும்.
ஒருநாள் என் பேனா எழுதவில்லை.
அவர் சட்டைப் பையில் இரண்டு இருந்தன.
கொடுக்கவில்லை.
தீர்த்தகிரியிடம் நான் இரவல் வாங்கி வரும்வரை
வெயிலில் நின்றார்.
கஞ்சன் என்று நினைத்தேன்.

அவ்வளவு பெரியது
இத்தனை சின்னதுக்கு எதற்கு அடங்குகிறது?
நானூறு பக்கமும் இதுதான், எனக்குப் புரிந்தவரை.
எனக்கு ராணுவம் தெரியாது.
சின்ன வயசில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு யானை பார்த்தேன்.
அங்குசத்தைப் பெட்டிக்கடையில் சாத்திவிட்டு
பாகன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.
அது அப்படியே நின்றது.
பயமா, பழக்கமா, இல்லை பாசமா?
சொன்னேன்.
குறித்துக்கொண்டார். குறித்த பிறகு,
"இதற்கு அடிக்குறிப்பு என்ன போடுவது?" என்றார்.

நான்காம் அத்தியாயத்தை அவர் எழுதித் தரவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார், நான் அடித்தேன்.
வடக்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். சந்தை நாள்.
லாரியில் என் ஆட்கள் முப்பது பேர்.
மாஜிஸ்திரேட்டுக்கு இருபத்தேழு வயசு இருக்கும்,
உதட்டில் வெற்றிலைக் கறை காயவில்லை.
கல் வந்துகொண்டிருந்தது.
படிவத்தை ஜீப் முகப்பில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனார்.
பேனா எழுதவில்லை.
உதறினார். ஊதினார்.
என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

நிறுத்தினார். கரண்ட் போயிருந்தது.
யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தியது.
"பிறகு?"
"பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது.
முற்றுப்புள்ளி வை."

வைத்தேன்.
"நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு பேனா தேடியிருப்பார், சார்."
"தேடியிருப்பார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."
சுற்றாத ஃபேனையே பார்த்தார்.
"இரண்டு நிமிஷத்தில் கூட்டம் கலையும்.
கலையாமலும் போகும்."

நெறியாளர், மகன் வயசு,
பதினெட்டுப் பக்கத்தையும் சிவப்பில் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
இது சாட்சியம், ஆய்வு அல்ல.
எனக்குத்தான் கோபம் வந்தது.
"வாதாடுங்களேன் சார்."
"என் கருத்தைச் சொல்லிவிட்டேன்.
முடிவு அவருடையது" என்று
மூன்றுக்குப் பின் ஐந்தை நான்காக்கச் சொன்னார்.

பட்டம் வந்துவிட்டது.
மேஜர் என்றால் திரும்புகிறார்.
முனைவர் என்றால்
பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்.
மிளகு ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்,
ரசீது கேட்காமல்.

என் கம்ப்யூட்டரில் அந்தப் பதினெட்டுப் பக்கம்
ஆனை-4 என்ற பெயரில் கிடக்கிறது.
வைத்திரு என்று சொல்லவில்லை.
அழி என்றும் சொல்லவில்லை.
எழுத்துப்பூர்வமாக எனக்கு
எதுவும் வரவில்லை.