நிக்கிற வேலை

காலமை பாயால எழும்பி வைக்கிற முதலடி
நெருஞ்சியில.
நாலாவது அடியில தணியும்,
கிணத்தடிக்குப் போக மறந்துபோகும்,
பொழுதுபடக் கடையில லைற் போடேக்க
திரும்பி வந்து நிக்கும்.

"குதிவாதம்" எண்டாள் பட்டுப் பகுதி றஜிதா.
"முள்ளு வளந்திருக்கு" எண்டார் பார்மசிக்காரர்.
செங்கல்லைச் சுடவைச்சு
எருக்கலம் இலை போட்டு மிதிச்சும் பாத்தன்.
பதினாலு வருசம் கஸ்தூரியார் வீதியில
ஊராருக்குச் சீலை விரிச்சுக் காட்டின கால்
ஒருநாளும் கதிரை கேட்டதில்லை.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்றேயில
முள்ளு இல்லை.
குதி எலும்புக்குள்ள ஒரு கறுத்த வட்டம்,
நடுவில வெள்ளையாய் ஒரு பொட்டு.
இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில பிடிச்சபடி
கொஞ்சநேரம் பேசாமல் நிண்டார்.
அந்தக் கொஞ்சநேரத்துக்குள்ள
மகளை ஆர் பாக்கிறது எண்டதுவரை
நான் யோசிச்சு முடிச்சிட்டன்.

"பயப்பிடாதேங்கோ. எம்ஆர்ஐ எடுத்துப் பாப்பம்."

அறை வாசலில ஒரு கடதாசி நிரப்பவேணும்:
உடம்பில இரும்பு இருக்கோ? ஷெல் துண்டு?
பக்கத்துக் கதிரையில இருந்த இரணைப்பாலைப் பெண்
விரல் மடிச்சு எண்ணினா.
"அஞ்சு. ஒண்டு கண்ணுக்குப் பின்னால."
அவவைத் திருப்பி அனுப்பிப்போட்டினம்.
நான் "இல்லை" எண்டு எழுதினன்.
எழுதேக்க கை கூசினது.

"கொழுப்பெண்டால் இந்தப் படத்தில அணைஞ்சுபோகும்."
அணைஞ்சிருந்தது,
கரண்ட் போன வீடு மாதிரி.
ஒரு இருட்டைப் பாத்துச் சந்தோசப்பட்டது
அண்டைக்குத்தான்.

எலும்புக்குள்ள கொழுப்புக் கட்டி.
கான்சர் இல்லை, வெட்டவும் தேவையில்லை,
எப்ப வந்ததெண்டும் தெரியாது.
மாவுக்கும் சீனிக்கும்
கூப்பன்கடை வரிசையில நிண்ட வருசங்களில
உடம்பு எனக்கும் சொல்லாமல்
ஒரு பிடி எடுத்து ஒளிச்சு வைச்சதோ?
"அப்பிடியெல்லாம் இல்லையம்மா" எண்டு சிரிச்சார்.

"அப்ப நோ?"

இரண்டு உள்ளங்கையாலயும் குதியை நெரிச்சார்,
ஒண்டுமில்லை.
உள்பக்க மூலையில பெருவிரலால ஒரு அமத்து,
நான் கட்டில் விளிம்பைப் பிடிச்சன்.
"இதுதான். அடிப்பாதத்துச் சவ்வு.
கட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.
நிக்கிற வேலையோ?"

கட்டிக்கு ஒரு நம்பர், ஒரு பைல்,
ஆறு மாதத்தில திரும்பக் கிளினிக்.
நோவுக்கு ஒரு துண்டு:
இருந்து வேலை செய்யவும்.

முதலாளி துண்டை வாசிக்கேல்லை.
படத்தை ரியூப்லைற்றுக்கு நேரே தூக்கினார்.
"கட்டியோ?"
குரல் தணிஞ்சுபோச்சு.
ஓம் எண்டன்.
மிச்சத்தைச் சொல்லேல்லை.
பின்னேரம் கல்லாவுக்குப் பக்கத்தில
நீல பிளாஸ்ரிக் ஸ்ரூல் ஒண்டு.

றஜிதாவுக்கும் குதி நோகுது.
அவளிட்டைக் கட்டி இல்லை.
முதலாளி சாப்பிடப் போகேக்க
மாறிமாறி இருக்கிறம்.