கீழ் டிவிசன் இறக்கம்

"நாலு சில்லும் இழுக்கும், போ"
என்றார் கிளாக்கர்.
வழுக்கினால் நாலும்தான் வழுக்கும், ஐயா.

மடூல்சீமையில் மழை, பதினோராவது நாள்.
பின்சீட்டில் பவளராணி,
பல்லிடுக்கில் துண்டு.

ஜீப்பை நிறுத்தி இறங்கினேன்.
கவ்வாத்துக் கத்தியால்
ஓரத்துப் புல்லில் ஒரு குத்து:
கைப்பிடி வரை போனது.
புல் இருந்தது.
அடியில் ரோட்டு இல்லை.

மண்மேட்டை உரசிக்கொண்டு
லோ கியரில், ஒன்றில்,
விட்டேன்.
என் கால் பிரேக்கைத் தொடவில்லை.
கிளாக்கர்தான்
தன் பக்கம் இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே வந்தார்.
எஞ்சின் முனகியது,
எங்களைப் பிடித்துப் பிடித்து
இறக்கியது.

மூன்றாம் வளைவில் துண்டை எடுத்துவிட்டு
பவளராணி சொன்னாள்:
"மெதுவாவே போங்கண்ணே.
இது இன்னும் கொஞ்சம்
பொறுக்கும்."

பொறுக்கவில்லை.
பாலத்தடியில் பிறந்தது.
ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன்,
சில்லுக்குக் கல்லும் வைத்திருந்தேன்.